எங்க ஒய்.பி. மந்திரியாகணும்

"நம்ம ஒய்.பி. மட்டும் மந்திரி ஆயிட்டாருன்னா, நம்ம வீட்டு மேல எவனும் கை வைக்க முடியாது. எழுதி வச்சுக்கங்க," என்றார் கனகராஜ், வேனின் முன்சீட்டிலிருந்து திரும்பி.

பின்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் செனாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டார். வாங்கிய கம்பெனி அங்கே டேட்டா சென்டர் கட்டப் போகிறதாம். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து மிரட்டிவிட்டும் போயாயிற்று. மாற்று வீடு கிடைக்குமா என்று கேட்டால் மட்டும் கம்பெனிக்காரர்களுக்குத் தமிழும் புரியாது, மலாயும் புரியாது.

இன்றுவரை அந்த வீடுகள் நிற்கின்றன என்றால் அதற்கு ஒரே காரணம், அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹேமநாதன். அங்கே எம்.பி.யை ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுங்கட்சிக்காரர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. நாடாளுமன்றத்தில் எழுந்து சொந்த அரசாங்கத்தையே நார் நாராகக் கிழித்தார். இடிக்கப் புல்டோசர் வந்த அன்று, நாடாளுமன்றத்துக்குப் போட்டுப் போகும் பாத்தேக் சட்டையோடு செம்மண்ணில் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. புல்டோசர் வந்த வழியே திரும்பியது.

அந்த நேரத்தில்தான் அமைச்சரவையை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. தமிழருக்கு ஒரு நாற்காலி கொடுப்பார்களாம். அந்த ஒன்றுக்கு நாலைந்து பேர் துண்டு போட்டுக் காத்திருந்தார்கள்.

கனகராஜ் தோட்டக் குடியிருப்பாளர் குழுவின் தலைவர். வெறும் எம்.பி.யாக இருந்தே இவ்வளவு செய்கிற மனிதர் மந்திரியானால் என்னதான் செய்யமாட்டார் என்று அவர்தான் முதலில் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. நேராக அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவுக்கே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

"மந்திரி ஆனப்புறம் அவருக்கு நம்ம பக்கம் வர நேரம் இருக்குமா?" என்று வேனில் அவர் மனைவி ஷாமளா மெல்ல இழுத்தாள்.

போகிற காரியம் உருப்படாமல் போக வேண்டும் என்றே வாயைத் திறக்கிறாயா என்று கனகராஜ் சீறினார். அவள் அதற்கப்புறம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

புத்ராஜெயாவில் வெகுநேரம் காக்க வைத்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி வந்தார். கனகராஜ் தனக்குத் தெரிந்த மலாயில், எங்களுக்குப் பணம் வேண்டாம், நிலம் வேண்டாம், எங்கள் ஒய்.பி.யை மந்திரியாக்குங்கள், அது போதும் என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் அழுதார்கள். யாருக்காகவோ இப்படி ஒரு கூட்டம் வந்து அழுவதை அந்த அதிகாரி அதிகம் பார்த்ததில்லை போலும். எல்லாருக்கும் கை கொடுத்தார். மேலிடத்தில் சொல்கிறேன் என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் கோயிலில் அர்ச்சனை. ஒய்.பி.யின் நட்சத்திரம் யாருக்கும் தெரியாததால் சாமி பெயருக்கே செய்யச் சொன்னார்கள். வேனில் கூட வந்த காளியம்மா பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

அமைச்சரவையை அறிவித்த அன்று கோயில் மண்டபத்தில் டிவி வைத்துக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரதமர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். "ஹேமநாதன்" என்று காதில் விழுந்ததுதான் தாமதம், கத்திய கத்தலில் எந்த இலாகா என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. அதை யார் கேட்டார்கள்? வீடு பிழைத்தது. கனகராஜ் குழந்தை மாதிரி அழுதார்.

ஒய்.பி.யே போன் செய்தார்.

"உங்கள மறக்க மாட்டேண்ணே," என்றார்.

அரண்மனையில் பதவியேற்பு முடிந்த மறு வாரமே, தோட்டத்து முகப்பில் புல்டோசர்கள் வந்து நின்றன. கூடவே காரில் கம்பெனி மேனேஜர் ராஜசேகரன்.

இந்த முறை கனகராஜுக்குத் துளியும் பயமில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்து போனார்.

"தம்பி, எங்க ஆளு இப்ப மந்திரி. தெரியும்ல?"

"தெரியும்ணே," என்றான் ராஜசேகரன், பணிவாக.

கனகராஜ் அவன் எதிரிலேயே அமைச்சருக்குப் போன் போட்டார். எடுத்தது செயலாளர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்தத் திட்டத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் கொடுத்துவிட்டது, அமைச்சரவை எடுத்த முடிவை அமைச்சரே எதிர்த்துப் பேச முடியாது, அவர் ரொம்பவும் வருத்தப்பட்டார், ஆனால் அங்கே வர இயலாது, தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கனகராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் பின்னால் நின்ற ஷாமளாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ராஜசேகரன் அருகில் வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"அவர மந்திரியாக்கி வாய அடைச்சிருங்கன்னு எங்க பாஸு எத்தனையோ தடவ புத்ராஜெயாவுக்கு ஏறி எறங்குனாருண்ணே, யாரும் காதுல போட்டுக்கல. தோட்டத்து ஜனமே அழுதுகிட்டு வந்து கேட்டப்புறந்தான் சரின்னாங்களாம். பாஸு உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாரு."