ஒரு பேசின் வெந்நீர்

“சூடு ஒத்துக்குதுங்களா? இல்லீன்னா கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்தட்டுமா?”

கேட்டுக்கொண்டே ரேகா, அன்னத்தின் வலது காலைப் பிடித்து வெந்நீர் பேசினுக்குள் வைத்தாள். அன்னம் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, வேண்டாமுங்கம்மா! நீங்க போயி என்ற காலைத் தொடறதா?”

“சும்மா இருங்க. இன்னிக்கு நீங்கதான் எங்களுக்கு விருந்தாளி.”

குன்னூரில் அந்தக் கிறிஸ்தவ சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி ரேகா. அன்னம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். கோயிலுக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமில் அவளோடு இன்னும் பதினோரு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். ஐக்கியத்துப் பெண்கள் நாலைந்து பேர் அவர்கள் காலடியில் குனிந்திருந்தார்கள்.

அன்னம் இந்தப் படியேறி இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன் ஒன்பது வருஷம், சனிக்கிழமை தவறாமல் வந்து கோயிலைக் கூட்டித் துடைத்தவள். யாரும் கேட்டுச் செய்யவில்லை. கர்த்தருக்குச் செய்கிற வேலை என்று அவளுக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

ஒரு நாள் ஜெபக்கூட்டத்துக்கு மழையில் நனைந்தபடி, வேலை முடிந்த கையோடு ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். “காலைப் பாருங்க, கம்பளமெல்லாம் சேறு. வெராண்டாவுல போயி நில்லுங்க” என்று எல்லோர் முன்னாலும் சொன்னது இதே ரேகாதான். அன்றைக்கு அழுதுகொண்டு போனவள்தான் அன்னம். பிறகு யாரும் அவளைத் தேடி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரேகாவே லைனுக்கு வந்து நின்றாள். “வியாழக்கிழமை நாலு மணிக்குக் கண்டிப்பா வந்துருங்க. உங்களையெல்லாம் கௌரவிக்கணும்னு இருக்கோம்” என்றாள். அன்னத்துக்கு நம்பவே முடியவில்லை.

பேசின் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. ரேகா அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, டெட்டால் விட்டு, பித்தவெடிப்புகளை பிரஷ்ஷால் தேய்த்தாள். எரிந்தது. அன்னம் பல்லைக் கடித்துக்கொண்டாள். நகங்களைக்கூட வெட்டிவிட்டு, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ரேகா.

கட்டின புருஷன்கூட ஒரு நாள் அந்தக் காலைப் பிடித்துவிட்டதில்லை. இயேசு தம் சீஷர்களின் காலைக் கழுவினதை வாசிக்கக் கேட்கும்போதெல்லாம், இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்யப்போகிறார்கள் என்றுதான் அன்னம் நினைத்திருக்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஏனுங்கம்மா... ரெண்டு வருஷமா உங்கமேல ஒரு கசப்பை வெச்சுட்டே இருந்தனுங்க. கண்ண மூடி ஜெபம் பண்ணுனா உங்க மொகந்தான் முன்னால வந்து நிக்கும். இன்னிக்கு எல்லாம் போச்சுங்க. என்னைய மன்னிச்சுருங்க.”

ரேகா நிமிரவில்லை. விரலிடுக்குகளைத் துவாலையால் துடைத்துக்கொண்டிருந்தாள். “பரவால்லைங்க” என்றாள்.

“இந்தச் சனிக்கெழமையிலிருந்து கோயிலக் கூட்டறதுக்கு மறுபடியும் வந்தர்றனுங்க.”

“வாங்க, வாங்க. ஆள் கெடைக்காமத்தான் கஷ்டப்பட்டுட்டு இருக்கோம்.”

அன்னம் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். யாருடையவோ போல வெளுப்பாக இருந்தன.

கதவு திறந்தது. வெள்ளை அங்கியோடு, இடுப்பில் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு, புதிதாக வந்திருக்கும் ஆயர் எட்டிப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் வீடியோக்காரர்.

“சிஸ்டர், சபை கூடியாச்சு. பீடத்துக்கு முன்னால பன்னெண்டு நாற்காலியும் போட்டாச்சு. இவங்களக் கூட்டிட்டுப் போலாங்களா?”

ரேகா எழுந்து, உள்ளங்கையில் சானிடைசரை ஊற்றி இரண்டு கைகளையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் டெட்டால் போட்டு ரெண்டு வாட்டி தேய்ச்சாச்சுங்கய்யா. இனி நீங்க தைரியமா இவங்க காலைக் கழுவலாம்.”