மாஜரின் பேணி

அம்மா சொல்லியிருந்தபடி பார்த்தால், அன்றைக்கு நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் உடுப்பிட்டியில், எங்கள் வீட்டுப் பின்னறைக் கட்டிலில், வீங்கிய இடது முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

முன்னால் ஹோலில், அக்கா நிவேதனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஹீமோபிலியா. பிறந்ததிலிருந்தே இரத்தம் ஒழுங்காக உறையாது. விழுந்து அடிபடவேண்டும் என்றில்லை, சும்மா இருக்கும்போதே மூட்டுக்குள் கசியும். உடனே மருந்தை நரம்பில் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் நடக்கலாம். பிந்தப் பிந்த மூட்டு பழுதாகும். வலது முழங்கால் அப்படித்தான் போனது. அது மாமாவின் கலியாணத்தன்று, அன்றும் என்னை ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள்.

மருந்து ஹோலில் பிரிட்ஜுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் தந்த பெட்டி வந்தவர்களின் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அதை எறிந்துவிட்டு, மருந்துப் போத்தல்களை வெறும் மாஜரின் பேணி ஒன்றுக்குள் வைத்து டப்பா மூடியை அமத்தியிருந்தார். அந்தப் பிரிட்ஜின் கதவை அடைத்தபடிதான் மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் இருந்தார்.

இந்த நோய் ஆண்களை வாட்டும், பெண்கள் வழியாக வரும். தெரிந்தால் அக்காவை யார் கட்டுவார்? முதலே சொல்லிவிடுவோம் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். தாலி ஏறட்டும் என்றார் அம்மா. நான் மூச்சுக் காட்டக்கூடாது என்பது காலையிலேயே முடிவாகியிருந்தது.

இரண்டு மணித்தியாலமாக மூச்சுக் காட்டவில்லை. முழங்காலுக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை, அது வீங்கிக்கொண்டே போனது.

ஹோலில் தரகர் முத்துக்குமாரு சாதகத்தை விரித்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். செவ்வாய் எங்கே நிற்கிறது, சனி எங்கே பார்க்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்த அறையில் கிடப்பவனைப் பற்றி எந்தக் கிரகமும் அவருக்குச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு ஒரு சொந்தத்தையும் தோண்டி எடுத்திருந்தார். அம்மாவுக்கும் மாப்பிள்ளையின் தாய்க்கும் பூட்டி, அதுதான் கொள்ளுப்பாட்டி, ஒருத்திதானாம், மச்சாள் முறையாம். பிறத்தி ஆட்கள் இல்லை என்றதும் எல்லோருக்கும் மெத்தச் சந்தோசம். அப்பா வாய்விட்டுச் சிரித்தது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பின்னறைக் கதவு திறந்தது.

மாப்பிள்ளையின் தாய். கக்கூசுக்கு என்று பின்பக்கம் வந்தவர் கதவு மாறித் திறந்துவிட்டார்.

அக்காவின் கலியாணம் இதோடு சரி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்த முழங்காலைப் பார்த்தவர்கள் எல்லோரும் எங்கே விழுந்தாய் என்றுதான் கேட்பார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது வேறு.

"முட்டுக்குள்ளை ரத்தமோ, தம்பி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மருந்து இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டேன்.

நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். அவர் நேரே ஹோலுக்குப் போய், புருசனைக் கதிரையோடு தள்ளி அரக்கச் சொல்லி, பிரிட்ஜைத் திறந்து மாஜரின் பேணியை எடுத்துக்கொண்டு மறுபடி பின்பக்கம் நடந்தாராம். மாப்பிள்ளையின் தாய் மாஜரினோடு கக்கூசுக்குப் போனால், ஏனென்று கேட்கப் பெண் வீட்டில் யாருக்குத் துணிவு வரும்? இன்னொரு வடை வைக்கட்டுமா என்று அம்மா மாப்பிள்ளையைக் கேட்டாராம்.

ஊசி என்னிடம் இருந்தது. மருந்துத் தூளைக் கரைத்து, உள்ளங்கைகளுக்குள் மெதுவாக உருட்டி, கை நரம்பில் ஏற்றினேன். அவர் கட்டில் விளிம்பில் இருந்து கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தச் சின்னப் போத்தலோ? உவ்வளவுதானோ?"

ஓம் என்றேன். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

ஊசியைக் கழற்றியதும் பஞ்சை வைத்துப் பெருவிரலால் அமத்திப் பிடித்தார். கனநேரம் பிடிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவராகவே விடாமல் பிடித்திருந்தார்.

"கலியாணம் நடக்கும். நீர் ஒருதருக்கும் வாய் திறவாதையும்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இப்பொழுதே ஒரு பின்னறையை ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் புருசனுக்காவது சொல்லமாட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் குரலை இன்னும் தணித்தார்.

"என்ரை அண்ணை பல்லுப் பிடுங்கப் போய், மூண்டு நாளா ரத்தம் நிக்காமல் செத்தவர். சண்டை நேரம் ஆமியின்ரை செல்லடியிலை செத்தவர் எண்டு சொல்லித்தான் என்னை இவருக்குக் கட்டிக் குடுத்தவை. இப்ப ஒவ்வொரு திவசத்திலையும் இவர் எழும்பி, அந்தச் செல் வந்து விழுந்த சத்தம் தனக்கும் கேட்டதெண்டு சனத்துக்குச் சொல்லி அழுறவர்."