அம்மாவுக்குப் புரியாத இங்கிலீஷ்

மகன் ஆண்டனிராஜும் மருமகள் ஷைனியும் ஒரு மாதமாக இங்கிலீஷிலேயே குசுகுசுத்துக்கொள்வதைப் பார்த்து இஞ்ஞாசியம்மாளுக்கு வயிறு எரிந்தது. அம்மாவைக் கேட்காமல் ஒரு சட்டைகூட எடுக்காத பிள்ளை, இப்போது பெண்டாட்டிக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறான். அம்மா வந்தால் பேச்சை மாற்றுகிறான்.

அன்று காலை அவர்கள் பேச்சில் "அம்மா" என்பதும் "அனாயிங்" என்பதும் அவள் காதில் விழுந்தன. நேரே பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் பிரிஸ்கில்லாவிடம் போனாள்.

"அனாயிங்னா என்னத்தா?"

"எரிச்சலா இருக்குன்னு அர்த்தம் பெரியம்மா. யாராவது தொல்லை பண்ணினா சொல்லுவோம்."

அம்புட்டுத்தான். நத்தத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக, சேலைகளைப் பையில் திணித்தாள்.

"ஏலே, தொல்லை கிளம்புது. நீயும் உம் பொண்டாட்டியும் நிம்மதியா இருங்க!"

ஆண்டனிராஜ் வாயைத் திறக்குமுன் பங்குச் சாமியார் வாசலில் வந்து நின்றார். கையில் நோயாளிகளுக்குப் பூசும் மந்திரித்த எண்ணெய். இஞ்ஞாசியம்மாள் பையைக் கீழே போட்டாள்.

"எனக்கு என்ன சீக்கு சாமி?"

"உங்களுக்கு இல்லம்மா, ஷைனிக்கு. நாளைக்கு மதுரையில நெஞ்சுல ஆபரேஷன். இந்த எண்ணெயப் பூசி அனாயிண்ட்டிங் பண்ணணும்னு உங்க பையன்தான் கூப்பிட்டாரு."

ஷைனி தலைகுனிந்தாள். "நீங்க தாங்க மாட்டீங்கன்னு மறைச்சுட்டோம் அத்தை. அனாயிண்ட்டிங்குக்கு முன்னாடி அம்மாகிட்டச் சொல்லிரலாம்னுதான் காலையில பேசிக்கிட்டு இருந்தோம்."

மனைவியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த மகனின் தோளைப் பிடித்து இழுத்தாள் இஞ்ஞாசியம்மாள்.

"அங்கிட்டுத் தள்ளுலே. எம் மக பக்கத்துல நான் உக்காரணும்."