காலி ஸ்லாட்

கம்ப்யூட்டர் கடைக்காரர் மதர்போர்டை மேசைமேல் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். "ரேமுக்கு நாலு ஸ்லாட் இருக்கு மேடம். இப்ப ரெண்டுல போட்டுக்குங்க. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

அனிமேஷன் படம் செய்கிற சுகந்தி, முடி கொட்டிய தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். "வேணாங்க. நாலுலயும் இப்பவே போட்டுடுங்க."

"காலியாவே இருக்கட்டும்," என்றான் ஆதவன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. டாக்டர் தன்னிடம் தனியாகச் சொன்னதை அவன் இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. "கேபினட்டும் பெரிசாவே குடுங்க. அடுத்த படம், அதுக்கடுத்த படம்னு இவ பண்ணிக்கிட்டே இருப்பா. கார்டு மாத்தணும், டிஸ்க் சேக்கணும். எல்லாத்துக்கும் எடம் வேணும்ல?"

கடைக்காரர் சுகந்தியைப் பார்த்தார். அவள் காலி ஸ்லாட் ஒன்றின்மேல் விரலை வைத்து, தூசு துடைப்பதுபோல மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க, இவர் ஆசைப்படியே விட்டுடுங்க," என்றாள், அழுகிற பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற குரலில்.



கடைக்காரர் எல்லாவற்றையும் கணினியில் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "ம், அப்புறம்?" என்று கேட்டார்.

ஆதவன் சுகந்தியைப் பார்த்தான். அவள் ஸ்லாட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.