காவியா காட்டிய படம்

தருமபுரிக் கல்லூரிக் கருத்தரங்கில் மதிய வெயிலைத் திரைச்சீலைகள் மறைத்திருக்கின்றன. திரையில் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய தங்கக் கோடுகள் மின்னுகின்றன. அவற்றில் ஒட்டியிருந்த மூலக்கூறுகள் விலக, புதியவை வந்து அமரும் படம் அது. ஏழு மாதம் போராடி அதை எடுத்தவள் மலர்விழி. கீழே ஆய்வுத்தோழி காவியாவின் பெயர் மட்டும் இருக்கிறது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மலர்விழி அதைப் படிக்கிறாள். “இந்த மாற்றம் ஏன் ஓரத்துல ஆரம்பிக்குது?” என்கிறார் வெளியூர்ப் பேராசிரியர். மேடையில் தடுமாறும் காவியாவின் கண்கள் வழக்கம்போல மலர்விழியைத் தேடுகின்றன. மலர்விழி எழுகிறாள். “ஓரத்துல நெருக்கம் கம்மிங்க சார். புதுசு சுலபமா நுழைஞ்சிருதுங்க.” “அருமை! நீங்க யாரும்மா?” அவள் காவியாவையே பார்க்கிறாள். “நீயே சொல்லு காவியா, நான் யாருன்னு.” காவியாவின் கையிலுள்ள லேசரின் சிவப்புப் புள்ளி திரையில் நிலைகொள்ளாமல் அலைகிறது.