சுவருக்கு வெளியே ஒரு புடலங்காய்

காய் அந்தப் பக்கம் தொங்குகிறது.

துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். நெட்டிலிங்க மரத்தின் இலைகளை விலக்கினால்தான் தெரிகிறது. முழ நீளம் இருக்கும். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, ரோட்டுப் பக்கம்.

பந்தலில் இருக்கும் காய்களுக்கெல்லாம் மாமியார் கல் கட்டியிருக்கிறாள். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் வாழை நாரால் ஒரு கல். காய் வளையாமல் நேராக இறங்க வேண்டுமாம்.

இதற்குக் கட்ட ஆள் இல்லை. இஷ்டத்துக்குச் சுருண்டு கிடக்கிறது.

சிரிப்பு வந்தது. சிரிக்கிற நாளா இது என்று உடனே தோன்றியது.

நேற்றுக் காலை பூக்காரப் பாப்பாத்தி கேட் கம்பி வழியாகப் பூவை நீட்டிவிட்டு, போகாமல் நின்றாள்.

"அம்மிணி, உங்கம்மாவுக்குப் பேச்சு நின்னு போச்சாமா. கண்ணு மட்டும் வாசலையே பாத்துட்டுக் கெடக்குதாம்."

அம்மா வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தம்பி வேறு சாதியில் பெண் கட்டிய நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது கணவன் உத்தரவு. பேசக்கூடக் கூடாது. அவள் போனையும் அன்றே வாங்கி வைத்துக்கொண்டான்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சும்மா ஏறி உட்கார்ந்தால் போதும். ஆனால் அவன் வேலைக்குக் கிளம்பியதும் கேட்டுக்குப் பூட்டு விழும். சாவி மாமியார் இடுப்பில்.

நேற்றுச் சாயங்காலம் அவனிடம் கேட்டுவிட்டாள். ஒரு தடவை, முகம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

அவன் நெட்டிலிங்க மரங்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"இதப் பாரு. வெச்ச எடத்துல நிக்குது. பந்தல் கேக்கறதில்ல, ஒண்ணும் கேக்கறதில்ல. வருசம் பூரா பச்சை. மரம்னா இப்படி இருக்கோணும். அந்தப் புடலையாட்டம் கண்ட எடத்துல படர்ந்தா வேரோட புடுங்கித்தான் போடோணும்."

கேட்டதற்கு அதுதான் பதில்.

மாமியார் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பச்சையாம், பச்சை.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது மரங்கள் இடுப்பு உயரம். ரோட்டில் போகிற முகங்கள் தெரியும். இப்போது ஒன்றும் தெரியாது. வரிசையாக நின்று மறைக்கின்றன. பறிக்க ஒன்றும் இல்லை, முகர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து இது எந்த மாதம் என்றுகூடச் சொல்ல முடியாது.

புடலைக்கு ஆயுசு நாலைந்து மாதம். அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, காய்த்து, எட்டியதையெல்லாம் பற்றிக்கொண்டு ஏறி, வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தும் விட்டது.

பொறாமையாக இருந்தது. போயும் போயும் ஒரு காயைப் பார்த்து.

கொடி தானாக மரத்துக்குப் போகவில்லை. துவைக்க வரும்போதெல்லாம் அதன் நுனியைப் பந்தலிலிருந்து எடுத்து நெட்டிலிங்கத்தின் பக்கம் விட்டது அவள்தான். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"என்னத்தப் பாக்கற?"

மாமியார் பின்னால் நின்றாள். அவளும் அண்ணாந்து பார்த்தாள். மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் கொடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"சாயங்காலம் அவன் பாத்தான்னா கொடியவே அறுத்துப் போடுவான். போய்ப் பறிச்சுட்டு வா. எனக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குது."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

கத்தி எடுக்க மருமகள் உள்ளே திரும்பினாள்.

"கையிலயே கிள்ளிக்கலாம். செருப்பப் போட்டுக்க."

சுவருக்கு அந்தப் பக்கம் போக எதற்குச் செருப்பு? வெயில் என்று நினைத்துக்கொண்டாள். போட்டுக்கொண்டாள்.

கேட்டைத் திறந்துவிட்டது மாமியார்தான். சாவியைக் கையில் தரவில்லை.

ரோடு காலியாக இருந்தது. சுவரை ஒட்டி நடந்து போனாள். எதிர்வீட்டு வாசலில் யாரோ புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எப்போது அடித்தார்களோ.

காய் கைக்கு எட்டியது. பிடித்தாள். வரிவரியாக, குளுகுளு என்று இருந்தது.

கிள்ளி முடிப்பதற்குள் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு.



"அத்தை?"

மரங்களுக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை.  குரல் மட்டும் வந்தது. சுவருக்கு மிகப் பக்கத்தில்.

"எங்கம்மா சாகறப்ப என்னைய விடல, அம்மிணி."

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"பஸ்ஸு வர்ற நேரந்தான்."

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போவது கேட்டது. மெதுவாக, ஒரு காலை இழுத்து இழுத்து.

பாதி கிள்ளிய காம்பிலிருந்து விரலை எடுத்தாள். காய் அங்கேயே ஆடியது.

இருக்கட்டும். சாயங்காலம் அவன் பார்க்கட்டும்.