கூரையிலிருந்து விழுந்த இடித்தாடி

டிரோல் மலைச்சரிவில் வெயில் இன்னும் அடிக்கிறது, ஆனால் சிகரத்துக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. கறந்த பாலோடு தொழுவத்திலிருந்து வெளியே வந்த நோட்புர்கா அப்படியே நிற்கிறாள். முற்றமெங்கும் இடித்தாடிச் செடிகள் வேர் மேலாகக் கிடக்கின்றன. ரோஜாவைப் போல அடுக்கடுக்கான தடித்த இலைகள், நுனியெல்லாம் சிவப்பு. சில நசுங்கி நீர் கசிகின்றன. வீட்டில் இடி விழக் கூடாதென்று, கல்யாணத்தன்று தாய்வீட்டுக் கூரையிலிருந்து அவள் கிள்ளிவந்து இந்தக் கூரையில் நட்டவை. ஆளுயரப் பனிக்கு அடியிலும் அழுகாதவை. மேலே அவள் கணவன் லாய்ஸ் மண்வெட்டியோடு சிரிக்கிறான். “பாசியெல்லாம் சுரண்டிட்டேன், கூரை எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு!” “பாசியா? உன் கண்ணுல கொள்ளிய வைக்க! எங்கம்மா வீட்டுச் செடி அது!” “அதான் இடிதாங்கி வச்சாச்சே, இன்னும் எதுக்கு இந்தக் களை?” நோட்புர்கா பால்வாளியைக் கீழே வைக்கிறாள். கூரையில் சாய்ந்திருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டில் சாய்க்கிறாள். செடிகளை மடியில் பொறுக்கி ஒவ்வொன்றாக மேலே வீசுகிறாள். ஒன்று அவன் நெற்றியில் படுகிறது. “எல்லாத்தையும் நடு. நட்டப்புறம்தான் ஏணி.” சிகரத்துக்குப் பின்னால் முதல் இடி உருள்கிறது. லாய்ஸ் பக்கத்தில் நிற்கும் இடிதாங்கிக் கம்பியை ஒருமுறை பார்க்கிறான். பிறகு மண்டியிட்டு, இரண்டு கையாலும் செடிகளைக் கூரைக் கற்களின் இடுக்கில் அவசர அவசரமாக அமுக்குகிறான். “மெதுவா,” என்கிறாள் நோட்புர்கா, “வேர் ஒடியப்போவுது.”